பதினோராம் எண் ரத்தம்

ஒரு மனிதரின் உடம்புக்குள் சர்க்கரை நோய் சத்தமில்லாமல் நுழைந்துகொண்டிருந்ததை நான் அறிந்திருந்தேன். அவர் அறியவில்லை. அறிந்திருந்தால் தப்பித்திருக்கலாம். அவரிடம் சொல்லவேண்டியது என் பொறுப்பு. நான் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, சொல்லிவிட்டதாகப் பொய்யும் சொன்னேன்.

மறதி அன்று. அச்சமும் அன்று. பழிவாங்கினேன்!

இதுவரை எழுதியதில் ஒரு சொல்லையும் நான் அடித்துத் திருத்தவில்லை. நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதையும் படித்துவிட்டு நினையுங்கள்.

என் பெயர் கோமதி. அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வங்காளம் வந்தவர். சாந்த்ராகாச்சி யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்தேன். ஹவுராவில் வேதியியல் படித்து, லேப் டெக்னீஷியன் பயிற்சியும் முடித்து, தொண்ணூறுகளின் நடுவில் ஜாதவ்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தேன்.

அந்த வேலையை வாங்கித் தந்தவர் டாக்டர் சபாபதி. அந்தக் கூடத்தின் தலைவர், திருச்சிக்காரர். ஊசி போடும் டாக்டர் அல்லர், ஆராய்ச்சி டாக்டர். தமிழர்கள் கூடிய ஒரு பொங்கல் விழாவில் அப்பா அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். "நம்ம ஊர்ப் பொண்ணு, அனுப்புங்க" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காக என் அம்மா சாகும்வரை அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் குண்டு. இதை நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம். பன்னிரண்டு வயதிலிருந்தே குண்டு. இடுப்பும் தொடையும் கையும், எல்லாமே பெருத்த உடம்பு. மினி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார நேர்ந்தவர்கள் உச்சுக்கொட்டுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான்.

அவரோ ஒல்லி. குச்சிக் கை, குச்சிக் கால், ஒடுங்கிய கன்னம். நடுவில் மட்டும் ஒரு தொப்பை. சட்டையை எவ்வளவு தொளதொளவென்று தைத்தாலும் மறையாத, உருண்டையான, கெட்டியான தொப்பை! அதை அவர் தட்டிக்கொடுத்தபடியேதான் பேசுவார். "இது கல்யாணத்துக்கு அப்புறம் வந்த சொத்து" என்று சிரிப்பார். அவருக்கு அது வேடிக்கை. என் உடம்புதான் அவருக்கு ஆராய்ச்சி.

முதல் மாதத்திலேயே எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். ஸ்பெசிமன்! "வாங்க ஸ்பெசிமன், மாடி ஏறி மூச்சு வாங்குதா?" காலையில் அதுதான் வரவேற்பு. வங்காளிகள் நிறைந்த அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். ஆனால் அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளத் தமிழ் தேவைப்படவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... ஏன் சிரித்தேன்? இன்றுவரை அதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அங்கே நாங்கள் என்ன ஆராய்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் குற்றத்தின் கனம் உங்களுக்குப் புரியாது.

கொழுப்பு என்பது உடம்பில் சும்மா கிடக்கும் மூட்டை அன்று. அதுவும், வயிற்றுக்குள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு இருக்கிறதே, அது மிகவும் பொல்லாதது. ஓயாமல் சில ரசாயனங்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அவற்றால் உடம்பு முழுவதும் மெல்லிய அழற்சி ஏற்படும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிவப்பு இல்லை. ரத்தத்தைச் சோதித்தால் மட்டுமே தெரியும் அழற்சி.

எங்கள் குவார்ட்டர்ஸில் மழைக்காலம் வந்தால் மரக்கதவுகள் ஈரத்தில் ஊதிக்கொள்ளும். வழக்கம்போல் ஒரு விரலால் தள்ளினால் திறக்காது, தோளைக் கொடுத்து முட்டவேண்டும். அழற்சி கண்ட உடம்பும் அப்படித்தான். சர்க்கரையை உள்ளே அனுப்ப இன்சுலின்தான் கதவைத் தள்ளுகிறது. கதவு இறுகிவிட்டால் கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து முட்டுகிறது. அப்போதைக்குக் கதவு திறந்துவிடும். அதனால் ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருக்கும்! சர்க்கரையை மட்டும் பார்ப்பவர் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். பல வருடங்கள் முட்டி முட்டிக் கணையம் ஓய்ந்துபோகும் நாளில்தான் சர்க்கரை ஏறும். அதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும்.

அந்தப் பாதிக் கதைக்கு முன்பே பிடித்துவிட்டால்? நடந்து, வயிற்றைக் கரைத்து, அந்த ஆள் தப்பிக்கலாம். பெரும்பாலும் தப்பிக்கலாம். இதைத்தான் நாங்கள் ஆராய்ந்தோம். இது தெரிந்தவளாக நான் செய்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது என்னை டேப் வைத்து அளந்த கதைக்கு வருகிறேன்.

மருத்துவ மாணவர்கள் இருபது பேர் ஒருநாள் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். சபாபதி சார் அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். "கோமதி, இங்க வா" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். கரும்பலகைக்கு முன்னால் நிற்கச் சொன்னார். ரத்தம் எடுக்கும் ஷிப்ரா-தியிடம் தையல்காரர் டேப்பைக் கொடுத்து, என் இடுப்பை அளக்கச் சொன்னார்.

இருபது பேருக்கு முன்னால்!

ஷிப்ரா-தி என்னைவிடப் பத்து வயது மூத்தவர், 'தி' என்றால் வங்காள மொழியில் அக்கா. டேப்பைச் சுற்றும்போது என் காதருகே, "கிச்சு மோனே கொரிஸ் நா ரே" என்றார். மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். அவர் கண் கலங்கியிருந்தது. சார் அந்த எண்ணைச் சத்தமாகப் படித்துக் கரும்பலகையில் எழுதினார். அடியில் இரண்டு கோடு போட்டார். அந்த எண்ணை உங்களிடம் சொல்லமாட்டேன். எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வேன், அதைச் சொல்லமாட்டேன்.

மாணவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

எல்லோரும் போனபின் சார் சொன்னார்: "எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறே? சயின்ஸ்ல வெட்கமெல்லாம் கெடையாதும்மா."

வீட்டில் அம்மாவிடம் சொல்லி அழுதேன். "நமக்கு வேல வாங்கித் தந்த மனுசன்ளா. ஒண்ணுஞ் சொல்லாத, பொறுத்துக்க" என்றாள். பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டேனா? இல்லை... காத்திருந்தேன்!

அடுத்த வருடம் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, ஆரோக்கியமானவர்களின் ரத்தம் இருபது வேண்டும். எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் இதற்கு வெளியே போய் ஆள் தேடமாட்டார்கள். இருப்பவர்களே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டுவார்கள். டெக்னீஷியன், குமாஸ்தா, காவலாளி, ஆராய்ச்சி மாணவர், தலைவர் எல்லோரும் 'நார்மல்' ஆகிவிடுவார்கள். நல்ல வழக்கம்! யாரும் யாரையும் சோதித்துச் சேர்ப்பதில்லை. நோயில்லை என்று அவரவர் சொல்லிக்கொண்டால் போதும்.

நானும் கையை நீட்டினேன். "நீ வேண்டாம் ஸ்பெசிமன். நீ நார்மல்ல சேரமாட்டே" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே தன் சட்டைக் கையைச் சுருட்டினார்.

குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும். "பேரு எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும்" என்று அந்த விதியைப் போட்டவர் அவரேதான். வேலை விஷயத்தில் அவர் நேர்மையானவர். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அவருடைய எண் பதினொன்று.

முடிவுகள் வந்தன. பத்தொன்பது பேருக்கு எல்லாம் சரியாக இருந்தது. பதினோராம் எண்ணுக்குச் சர்க்கரை சரி. இன்சுலின் மட்டும் மற்றவர்களைப்போல் நான்கு பங்கு! அழற்சியைக் காட்டும் அளவும் எகிறிக் கிடந்தது. மறுபடி செய்யச் சொன்னார், செய்தேன். இன்னொரு முறை செய்யச் சொன்னார், செய்தேன். அதே எண்கள்தான் வந்தன. சொல்ல மறந்துவிட்டேன்... மூன்றாம் முறை என் ரத்தத்தையும் எண் போடாமல் அதே வரிசையில் வைத்தேன். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. குண்டானவர்கள் எல்லோருக்கும் அப்படி வராது, பலருக்கு மோசமாகத்தான் வரும். எனக்கு அப்போது அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளைப் பார்த்து நான் எப்படிச் சிரித்தேன் தெரியுமா!

அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தொப்பையைத் தட்டியபடி எனக்குப் பாடம் நடத்தினார்.

"இது நார்மல் இல்ல கோமதி. இந்த ஆளு பார்க்க ஒல்லியாக்கூட இருக்கலாம். ஆனா வயித்துக்குள்ள கொழுப்பு ரொம்பிக் கெடக்கு. இப்படியே விட்டா அஞ்சாறு வருஷத்துல சர்க்கரை வந்துரும். இப்பவே நடக்க ஆரம்பிச்சு வயித்தக் கரைச்சா தப்பிச்சுக்கலாம்."

சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினோராம் வரியை அடித்தார். "இதைத் தூக்கிடு, கணக்கைக் கெடுக்குது. யாருன்னு எனக்குச் சொல்லாதே. ஆனா அந்த ஆள்கிட்ட நீ சொல்லிடணும், மறக்காதே. பாவம், நம்ம ஆளுங்கள்ல ஒருத்தர்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உடனே வாயைத் திறந்து, 'சார், அது நீங்கதான்' என்றிருப்பீர்கள். எனக்கும் நாக்கின் நுனிவரை வந்தது. அப்போது அவர் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தார். வேறு ஏதோ சூத்திரத்தைத்தான் துடைத்தார். எனக்கு அங்கே வேறொரு எண் தெரிந்தது, அடியில் இரண்டு கோட்டோடு.

"சரி சார்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார். "பதினொண்ணுகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க சார்."

"சிரிப்பாங்க. வர்ற வரைக்கும் எல்லாரும் சிரிப்பாங்க" என்று அவர் சிரித்தார்.

எனக்கு அன்று எவ்வளவு இனித்தது! மினி பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் காற்றில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் பயந்து நகர்ந்து உட்கார்ந்தார்.

கோபத்தில் செய்த தவறு என்று மன்னித்துவிடாதீர்கள். கோபம் ஒரு நாள் இருக்கும். நான் ஒவ்வொரு நாளும் அதே முடிவைப் புதிதாக எடுத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் என் முன்னால் வந்து நின்றார், ஒவ்வொரு நாளும் நான் வாயை மூடிக்கொண்டேன். துர்கா பூஜை முடிந்து விஜயதசமிக்கு சந்தேஷ் இனிப்புப் பெட்டி சுற்றி வரும். முன்பெல்லாம் "ஸ்பெசிமனுக்குக் காட்டாதீங்க" என்று என் முன்னாலிருந்து பெட்டியை இழுத்துக்கொள்வார். இப்போது நானே அவர் பக்கம் நகர்த்தினேன். "எடுத்துக்குங்க சார், இன்னொண்ணு..." இனிப்பு மட்டுமே இந்நோயைக் கொண்டுவராது என்று நன்றாகத் தெரிந்தவள் நான். இருந்தும் நகர்த்தினேன்! என் கையாலும் ஏதாவது செய்யவேண்டும் என்றிருந்தது.

வருடங்கள் ஓடின. இரண்டாயிரம் பிறந்தது. அவர் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தில் இரண்டு வந்தன. கூட்டத்தின் நடுவே எழுந்து எழுந்து போனார். பிறகு இளைக்க ஆரம்பித்தார். ஒருநாள் பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டையை என்னிடம் காட்டினார்.

"பார்த்தியா கோமதி! டயட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல, தானா இளைச்சுட்டேன். நீயும்தான் இருக்கியே!"

அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். ஊரார் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் ரத்தம் ஞாபகம் வருமா? முன்பு எப்போதோ விரலில் குத்திப் பார்த்து, "நம்ம சர்க்கரை கிளீன்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அந்த ஒரு சான்றிதழிலேயே காலத்தை ஓட்டிவிட்டார்.

"நல்லா இருக்கீங்க சார்" என்றேன். இதோ, இந்த வாக்கியத்தைத்தான் முதன்முதலாக அடித்து அடித்து எழுதுகிறேன்.

அந்த வருடம் துர்கா பூஜைக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, பந்தல் பந்தலாக மனைவியோடு நடந்திருக்கிறார். செருப்பு கடித்தது. சின்னப் புண்தான். காளி பூஜை வந்தது, புண் ஆறவில்லை. மார்கழி வந்தது, கால் விரல் கறுத்தது. மருத்துவமனையில் சர்க்கரையைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கண்ணும் கெட்டிருந்தது. பார்வை அதன்பின் வருடா வருடம் மங்கிக்கொண்டே வந்தது.

செய்தியை ஷிப்ரா-திதான் கொண்டுவந்தார். அழுதார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அழத்தான் போனேன் என்று சொல்ல ஆசைதான்... அழுகை வரவில்லை. போதும் என்றிருந்தது. கணக்குத் தீர்ந்தது என்றிருந்தது. முட்டாள்! அது அன்றுதான் ஆரம்பித்தது.

எனக்கும் நாற்பதைத் தாண்டியதும் இன்சுலின் ஏறத் தொடங்கியது. வருடம் தவறாமல் சோதித்துக்கொள்பவள் ஆயிற்றே, உடனே பிடித்துவிட்டேன். தினமும் வீட்டுக்குப் பக்கத்து ஏரியைச் சுற்றி நடக்கிறேன். வயிறு குறைந்தது, இன்சுலினும் இறங்கியது. சாருக்கு எதைத் தர மறுத்தேனோ, அதை எனக்கு மட்டும் கொடுத்துக்கொண்டேன்.

சார் ஓய்வுபெற்றபின் அவர்கள் நியூ டவுனில் ஏழாவது மாடிக்குக் குடிபோனார்கள். அவர் மனைவி, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுபவர், ஒருநாள் போன் செய்தார். சாருக்கு ரத்தம் எடுக்க வருகிறவர்களெல்லாம் நரம்பு கிடைக்காமல் கையைக் குத்திப் புண்ணாக்குகிறார்கள், நீ வந்து எடுத்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். மாதம் ஒரு ஞாயிறு. இப்போது நான் குடியிருக்கும் ஜாதவ்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறேன். "பெத்த பொண்ணு மாதிரி வர்றே நீ" என்று ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

பரிகாரம் என்று நினைத்தீர்களா? முதல் சில மாதங்கள் நான் பார்க்கத்தான் போனேன். அவர் தடவித் தடவி நடப்பதைப் பார்க்க. தட்டில் எது எங்கே இருக்கிறது என்று ஆன்ட்டி சொல்வதைப் பார்க்க. ஒருநாள் எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடவேண்டும் என்றும் வைத்திருந்தேன். 'அது நீங்கதான் சார், அந்த வரிய உங்க கையாலேயே அடிச்சீங்க!' மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல... அந்த முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக. கடைசி அடியாக அதைச் சேமித்து வைத்திருந்தேன்.

போன மாதம் அதற்கான வாய்ப்பை அவரே கொடுத்தார்.

ரத்தம் எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி சமையலறையில் இருந்தார். சார் என் பக்கம் முகத்தைத் திருப்பி, கொஞ்சம் தள்ளி எங்கேயோ பார்த்தபடி கேட்டார்.

"கோமதி, ஒரு ஆளு இருந்தாங்களே... அந்தப் பதினொண்ணு. ஞாபகம் இருக்கா?"

பஞ்சை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து அழுத்தினேன்.

"சும்மா படுத்திருக்கேன் இல்லையா, அடிக்கடி அந்த ஆளை நெனைச்சுக்குறேன். எனக்குத்தான் யாரும் சொல்ல ஆளில்லாமப் போச்சு. அவங்களுக்கு நீ நேரத்துல சொன்னே. தப்பிச்சுட்டாங்கல்ல?"

இதோ, வாய்ப்பு! பல வருடங்களாகக் காத்திருந்த வாய்ப்பு! கையை நீட்டினால் தொடலாம்.

"தப்பிச்சுட்டாங்க சார்" என்றேன்.

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. தினம் நடக்குறாங்க."

அவர் முகம் மலர்ந்தது. என் கையைத் தேடிப் பிடித்து, இரண்டு முறை தட்டினார். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு உயிரையாவது காப்பாத்தியிருக்கோம் பாரு" என்றார்.

இரக்கத்தால் மறைத்தேனா? கோழைத்தனத்தால் மறைத்தேனா? அல்லது, அவரை ஏமாற்றுவதில் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லையா? கேட்டுக்கொண்டே இருக்கிறேன்... தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்த முகம் மலர்ந்தபோது, எதற்காக இத்தனை வருடம் காத்திருந்தேனோ அது எனக்குள் இல்லாமல் போயிருந்தது. அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி போகவேண்டும். அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டுவார். நான் நரம்பைத் தேடுவேன்.